பூஜைத் தட்டில் கிடந்த செம்பு வாஷர்

போன மாதம் கல்லூரி என்ஜின் லேபிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புகையை அளக்கும் அனலைசர் புதிதாக வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆன ஆளுக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை, போனேன். பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி தன் குழாயில் எங்கேயாவது வெளிக்காற்று புகுகிறதா என்று தானே பார்த்துக்கொள்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் சரி. சிவப்பு எரிந்தால் வேலை செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

என் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீஷியன் சொன்னார்: “இனிமே கட்டை விரல வெச்சு அடைச்சுப் பாக்குற வேலையெல்லாம் இல்ல சார். கடைசி ரெண்டு வருஷம் நீங்க அதையே புடிச்சுத் தொங்குனீங்களாமே, இங்க எல்லாரும் சொல்லிச் சிரிப்பாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கோபம் எனக்கு மூக்கின் மேல்தான் இருக்கும், அது தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று கோபம் வரவில்லை. “எழுதிக் குடுக்கிறேன், படிச்சுட்டு அப்புறம் சிரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயர் ஜெயராஜ். சொந்த ஊர் தரங்கம்பாடி, லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தேன். கொஞ்ச நாள் சீர்காழியில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டேன். பிறகு தஞ்சாவூரை ஒட்டிய இந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அதே லேப், அதே மர ஸ்டூல். சொல்லப் போவது என் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் நடந்தது. அதற்கு முன் எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜலட்சுமி மேடம்தான் என்ஜின் ஆராய்ச்சிக்குத் தலைவர். குள்ளமாக இருப்பார், பருத்திப் புடவை, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. என்ஜின் ஓடும்போது அவர் பேசினால் காதருகே போய்க் குனிய வேண்டும். அப்படிக் குனிந்து குனிந்தே எனக்கு முதுகுவலி வந்தது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரிக்க மாட்டார். “நல்லா இருக்கு” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. சோதனை முடிந்து நோட்டை நீட்டினால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“ஆக்சிஜன் எவ்வளவு ஜெயராஜ்?”

புகையில் அனலைசர் ஐந்து வாயுக்களைக் காட்டும். எல்லோரும் பார்ப்பது கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடு இந்த மூன்றைத்தான். கெடுதல் செய்கிறவை அவை. ஆக்சிஜனை யாரும் சீந்த மாட்டார்கள். மேடம் மட்டும் அதைத்தான் முதலில் கேட்பார். புகையில் இருக்கக் கூடாத அளவு ஆக்சிஜன் இருந்தால், அளக்கிற வழியில் எங்கேயோ வெளிக்காற்று கலந்துவிட்டது என்று பொருள். காற்று கலந்த புகை தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி. கெட்டது எல்லாம் குறைவாகத்தான் தெரியும்.

அவர் எங்களுக்கு வைத்திருந்த வரிசை இது. என்ஜின் ஓடி, குளிர்விக்கும் தண்ணீரின் சூடு அசையாமல் நிற்கும் வரை எதையும் எழுதக் கூடாது. அனலைசரை இருபது நிமிடம் சூடாக்கி, வெளிக்காற்றில் பூஜ்யம் பார்க்க வேண்டும். என்ஜின் மேல் ஏற்றும் ஒவ்வொரு பாரத்துக்கும் மூன்று முறை அளந்து முதலாவதைத் தள்ளிவிட வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பினால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், என்ஜினைக் கிளப்புவதற்கும் முன்னால், விரல் சோதனை.

புகைக்குழாயில் ஒரு மெல்லிய எஃகுக் குழல் திருகியிருக்கும். அதன் வெளி முனையில் பித்தளை நட்டு வைத்து ரப்பர் குழாயை இணைத்திருப்போம். அனலைசர் பெட்டிக்குள் இருக்கும் பம்பு அந்த வழியாகப் புகையை உறிஞ்சும். எஃகுக் குழலைக் கழற்றி அதன் வாயைக் கட்டை விரலால் இறுக்கி அடைத்தால், பெட்டியின் முகப்பில் கண்ணாடிக்குள் மிதக்கும் குட்டிப் பந்து இறங்கிக் கீழே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வழியில் ஓட்டை இல்லை. மிதந்துகொண்டே இருந்தால் எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. இவ்வளவுதான் சோதனை. கைக்குழந்தைகூடச் செய்யும். இருபத்தெட்டு வருடம் நான் செய்தேன்.

பிறகு வந்தது பிரபுவின் என்ஜின்.

பிரபு ஆராய்ச்சி மாணவர். பாபநாசம் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. பம்புசெட்டில் ஓடும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினை இயற்கை எரிவாயுவில் ஓடும்படி மாற்றுவது அவருடைய வேலை. டீசல் ஊசியை எடுத்துவிட்டுத் தீப்பொறி பிளக்கை வைத்தோம். காற்றும் வாயுவும் கலக்கிற மிக்சரை அவரே வடிவமைத்தார். அதில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. குறைந்த வாயுவில், நிறையக் காற்றோடு எரிய வைக்க வேண்டும், அதை ‘லீன் பர்ன்’ என்பார்கள். அப்படி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக வரும். கரண்டு கனெக்‌ஷனுக்குக் காத்துக் கிடக்கிற டெல்டா விவசாயிக்குப் புகை கக்காத என்ஜின். தம்பிக்கு அது கனவு. எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொன்னால் பொய்.

இப்போது ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் லேபில் அந்த வாரம் நான்தான் முதல் ஆள். பட்டறைக்காரனுக்கு அது எந்த மதமாக இருந்தாலும் திருவிழாதான். எல்லா என்ஜினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பேன். புகைக்குழாய்களுக்குப் பளபளவென்று வெள்ளி பெயிண்ட் அடிப்பேன். எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒரு சின்ன உறுப்பை எடுத்துப் பித்தளைத் தட்டில் வைப்போம், அந்த இயந்திரத்துக்குப் பதிலாக அது சாமி முன்னால் உட்கார்ந்திருக்கும். சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அட்டெண்டர் கலியமூர்த்தி. எதைத் தட்டில் வைப்பது என்று தேர்ந்தெடுப்பது நான்.

அந்த வருடம் பிரபுவின் என்ஜினுக்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். எஃகுக் குழலுக்கும் பித்தளை நட்டுக்கும் நடுவே ஒரு செம்பு வாஷர் இருக்கும், காற்றுப் புகாமல் அடைக்கிறது அதுதான். ஐந்து ரூபாய்க் காசைவிடச் சின்னது. புளி போட்டுத் தேய்த்தேன், தங்கம் மாதிரி மின்னியது. தட்டில் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து லேப் திறந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். தட்டில் இருந்த மற்ற உறுப்புகளை எடுத்தேன். வாஷர் குங்குமத்துக்கும் சாமந்திப் பூவுக்கும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, கண்ணில் படவில்லை, நினைவிலும் இல்லை. நட்டை வாஷர் இல்லாமலே இறுக்கினேன். ஸ்பானருக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. கலியமூர்த்தி தட்டைப் பேப்பரில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் விரல் சோதனையில் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆனால் எஃகுக் குழலின் திருகு மரை மீதெல்லாம் என் வெள்ளி பெயிண்ட் காய்ந்து பளபளத்தது. கழற்றினால் பெயிண்ட் பெயரும். மனசு வரவில்லை. ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று குழலைக் கழற்றாமல் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்துச் சோதித்தேன். பந்து உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? ஓட்டை நான் மடக்கிய இடத்துக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தது. மறுநாளும் மடக்கினேன். அதற்கு மறுநாளும். பெயிண்டுக்காக ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது.

பிரபுவின் புது மிக்சரை மாட்டியதும் அதே வாரம்தான். அளவுகள் அருமையாக வந்தன. திருகைக் கொஞ்சம் திறந்து வாயுவைக் கூட்டினால் என்ஜின் பாரத்தை இன்னும் நன்றாக இழுத்தது, அனலைசரில் கார்பன் மோனாக்சைடு அப்படியே குறைவாக நின்றது. இன்னும் கொஞ்சம் திறந்தார். அப்போதும் குறைவுதான். தம்பி முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆக்சிஜன் கூடுதலாகத்தான் இருந்தது. “லீன் பர்ன்னா ஆக்சிஜன் மிச்சமாத்தானே அண்ணே வரும்” என்றார். சரி என்று எழுதினேன். மேடம் அந்த ஆறு மாதம் கல்லூரி ஆய்வுக்குழு வேலையாக நிர்வாகக் கட்டடத்திலேயே கிடந்தார். நோட்டைக் கொண்டுபோனால் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை கடைசியில் என்ஜினை வயலுக்குக் கொண்டுபோனோம். வெண்ணாற்றங்கரையில் செல்வி என்று ஒரு விவசாயி. அவருடைய மாமனார் காலம் வரை அந்த நிலங்களில் கூலி வேலை பார்த்த குடும்பம். இப்போது இரண்டு ஏக்கர் சொந்தம், ஒன்றரை ஏக்கர் குத்தகை. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், வயல் முழுக்க இந்த அம்மா பொறுப்பு. மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் போர் தண்ணீரில் குறுவை நாற்றங்கால் போட்டாக வேண்டும், அதற்குத்தான் எங்கள் என்ஜின். முதலில் அவர் சம்மதிக்கவில்லை.

“கேஸுன்னாலே எங்க ஊருல பயம் சார். இது ஒண்ணும் பண்ணாதே?” என்றார்.

“புகையே வராதும்மா. கைக்குட்டைய வெச்சுப் பாருங்க” என்று பிரபு ஓடுகிற என்ஜினின் புகைக்குழாயில் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. செல்வி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பம்புசெட்டுக் கொட்டகை செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக இரண்டு அறைகள் கொண்டது. ஒன்றில் என்ஜின். பக்கத்து அறையில் அவர் விதைநெல்லை ஊறவைத்து மூட்டை கட்டி முளைக்கப் போட்டிருந்தார். நடுவில் கதவில்லாத வாசல். பழுதாகி எடுத்துவிட்ட பழைய டீசல் என்ஜினின் புகைக்குழாய் சுவர் ஓட்டை வழியாக வெளியே போனது. எங்கள் சைலன்சர் பெரியது, அந்த ஓட்டையில் நுழையவில்லை. சுவரை இடிக்கக் கொத்தனார் வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றார். கல்லூரி வைத்திருந்த என்ஜின் திறப்பு விழாவோ வியாழக்கிழமை. “மூணு நாள் உள்ளயே இருக்கட்டும் தம்பி, சுத்தமான புகைதானே” என்று சொன்னது பிரபு அல்ல. நான்.

திங்கள் முதல் ஓடியது. அரை மணிக்கு ஒரு முறை என்ஜின் வேகம், தண்ணீர்ச் சூடு, வாயு அழுத்தம் மூன்றையும் தாளில் குறிக்க வேண்டும். செல்வி பத்தாவது வரை படித்தவர், முத்து முத்தாக எழுதினார். பக்கத்து அறையில் விதை மூட்டை மேலேயே உட்கார்ந்துகொள்வார். கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்வார், ஏனென்றால் மயில். டெல்டாவில் இப்போது எலியைவிட மயில் தொல்லைதான் பெரிது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து முளைவிட்ட நெல்லைக் கொத்திக் குதறிவிடும்.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தார். “ரெண்டு நாளா தலை வலிக்குது சார். வாந்தி வர்ற மாதிரி இருக்கு. என்ஜின நிறுத்திடவா?”

“வெயிலும்மா. மோரு குடிங்க, சரியாப் போயிடும். நாளைக்கு எல்லாரும் வர்றாங்க, நிறுத்திடாதீங்க” என்றேன்.

வியாழன் காலை எட்டரை மணி. திறப்பு விழா பதினொரு மணிக்கு. கலியமூர்த்தி மகளுக்குக் காதுகுத்து என்று லீவில் இருந்தார். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வரும்படி மேடம் என்னிடம் சொல்லியிருந்தார். பீரோவைத் திறந்து தட்டை எடுத்துப் பேப்பரைப் பிரித்தேன். காய்ந்த சாமந்தி, கறுத்துப்போன குங்குமம். துடைக்கத் துணியை வைத்துத் தேய்த்தேன். ஏதோ விரலில் இடறியது. நகத்தால் பெயர்த்தேன். செம்பு வாஷர்.

எதன் வாஷர் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. பார்த்ததும் தெரிந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தட்டைக் கழுவினேன். ஒருவேளை பாதிப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும், ஒருவேளை யாரோ வேறு வாஷர் போட்டிருப்பார்கள், விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம். இப்படியெல்லாம் மனசு சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் போயிருக்கும். தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஷெல்பில் சோதனை நோட்டு தெரிந்தது. எடுத்துப் பிரித்தேன். ஆயுத பூஜைக்கு முந்தைய பக்கத்தில் ஆக்சிஜன் ஒன்றரை, இரண்டு. அடுத்த பக்கத்திலிருந்து பத்து, பதினொன்று, பதினொன்று. எல்லாம் என் கையெழுத்து. தினமும் நானே எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் படிக்கவில்லை.

அளந்த புகையில் பாதி வெளிக்காற்று. அந்தப் பொய் அளவைப் பார்த்துத்தான் பிரபு வாயுவைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். லீன் பர்ன் எங்கே வந்தது, என்ஜின் மூச்சு முட்ட வாயுவைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆளைக் கொல்லும் வாயு, நிறமில்லை, மணமில்லை. டீசல் புகையென்றால் கண் எரிந்து ஆள் வெளியே ஓடி வந்துவிடுவார். கைக்குட்டையைக் கறுப்பாக்காத இந்தப் புகையில் செல்வி மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலை வலிக்கிறது என்று சொன்னவருக்கு நான் மோர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. என்ஜின் ஓடினால் காதில் விழாது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

பிரபு மாலையும் பழத்தட்டுமாக உள்ளே வந்தார். வாஷரை அவர் முன்னால் நீட்டிச் சொன்னேன். பழத்தட்டை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, மேடத்துக்கு இப்ப சொல்ல வேணாம். நாம போய் என்ஜின நிறுத்திருவோம். திருகக் கொஞ்சம் மூடிட்டு ஓட்டுவோம். என் மூணு வருஷம் அண்ணே.”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் சற்று முன்னால் ஒரு டீ குடிக்கிற நேரம் அதே யோசனையில்தானே நின்றேன். “வண்டிய எடுங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

மேடம் விழாவுக்குப் பட்டுப் புடவையில் இருந்தார். மேஜை மேல் வாஷரையும் திறந்த நோட்டையும் வைத்தேன். “இது பூஜைத் தட்டுல இருந்துச்சு மேடம். ஆறு மாசமா இது இல்லாமத்தான் அளந்திருக்கேன். விரல் சோதனை செய்யல. அந்தம்மா உள்ள இருக்காங்க, போன எடுக்கல.”

அவர் ஆக்சிஜன் வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்தார். கேள்வி கேட்கவில்லை. “நீங்க போங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்” என்றார். நான் வாசலைத் தாண்டும் முன்பே போன் அவர் கையில் இருந்தது.

பிரபுவின் பைக்கில் சாலியமங்கலம் ரோட்டில் போனோம். அவ்வளவு தூரமும் நான் பின்னால் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே வந்தேன். ஜெபம்கூட வரவில்லை. ‘எடும்மா, எடும்மா’ என்றுதான் வாயில் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, நெல் மூட்டை ஏற்றிய வேகன்கள், போய்க்கொண்டே இருந்தது. பிரபு ஹேண்டில் பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கு ஒவ்வொரு வேகனையும் கையால் தள்ளிவிடலாம் போல் இருந்தது.

ஆற்றங்கரையிலிருந்து வரப்பில் ஓடினோம். என்ஜின் ஓடும் சத்தம் சீராகக் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகை மேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. வெளியே இருந்த வாயு சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுக் கதவைத் தள்ளினேன். செல்வி விதை மூட்டை மேல் சாய்ந்து கிடந்தார். முகம் சிவந்திருந்தது. மடியில் தாள். ஒன்பது மணிக்கு எழுதிய எண்கள் கோடு தாண்டிக் கோணலாகப் போயிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. கால் துவண்டது. இருவரும் தூக்கி வெளியே கொண்டுவந்து வாய்க்கால் மேட்டில் புங்கமரத்து நிழலில் காற்றுப் படக் கிடத்தினோம்.

பிரபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு “அக்கா, அக்கா” என்று அழுதார். செல்வி உதட்டை அசைத்தார். குனிந்து கேட்டேன்.

“கதவ சாத்துங்க சார். மயிலு வந்துரும்.”

ஆம்புலன்ஸ் வந்தது. மேடம் என்ன சொல்லியிருந்தாரோ, வண்டியில் இருந்தவர்கள் எதுவும் கேட்காமல் உடனே ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயந்தரம் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, நாற்றங்காலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பது கால் வலியில்தான் தெரிந்தது.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றே போனேன். நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“ஆயுத பூஜைக்கு அடுத்த பக்கத்துல இருந்து எல்லாப் பக்கத்துக்கும் ஒத்தைக் கோடு போடுங்க. பக்கத்துல காரணம் எழுதுங்க. உங்க கையால.”

நாற்பத்து மூன்று பக்கம். ஒவ்வொன்றிலும் ‘வாஷர் இல்லை, விரல் சோதனை செய்யப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடித்ததும் அவர் நோட்டை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு பக்கத்திலும் தானும் எழுதினார். ‘நான் கேட்கவில்லை.’ நாற்பத்து மூன்று முறை. பிரபு ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீசிஸில் இரண்டு அத்தியாயம் போயிற்று. அவர் என்னோடு பழையபடி பேச நான்கு மாதம் ஆனது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். வாஷரைப் போட்டு, பெயிண்டைச் சுரண்டிவிட்டு, தினமும் குழலைக் கழற்றி விரலால் அடைத்துப் பந்து உட்கார்வதைப் பார்த்தோம். திருகை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்ததும் இழுவை குறைந்தது, மோனாக்சைடும் நிஜமாகவே குறைந்தது. நல்ல என்ஜின். அதிசயமெல்லாம் ஒன்றும் இல்லை. பிரபு அப்படியே எழுதினார்.

செல்வி அந்தக் குறுவையைப் பக்கத்து வயல்காரரின் டீசல் என்ஜினை வாங்கிப் போட்டுச் சமாளித்தார். அடுத்த வருடம் சித்திரையில் நாங்கள் மூவரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். இன்னும் கரண்டு கனெக்‌ஷன் வந்திருக்கவில்லை. புகைக்குழாய் கூரைக்கு மேல் போகும், சுவரில் மோனாக்சைடு அலாரம் மாட்டுவோம், எல்லாம் பிரபு விளக்கினார். செல்வி பொறுமையாகக் கேட்டார்.

“நோட்டுல நல்லாத்தான் இருந்துச்சு, போன வாட்டியும்” என்றார். “என்ஜின வையுங்க. ஓட்டுங்க. நீங்க உள்ள உக்காருங்க. ஒரு மணி நேரம். கதவ நான் சாத்திக்கிறேன்.”

கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

என்ஜினை மாட்டிக் கிளப்பினோம். நான் பக்கத்து அறைக்குள் போய் விதை மூட்டை மேல் உட்கார்ந்தேன். என் பின்னாலேயே மேடம் உள்ளே வந்து புடவையை ஒதுக்கிக்கொண்டு எதிர் மூட்டையில் உட்கார்ந்தார். பிரபு தரையில் உட்கார்ந்தார். செல்வி ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார். வெளியே நாதாங்கி விழும் சத்தம் கேட்டது.

பயந்தேன். அலாரம் இருந்தது, அளவு சரியாக இருந்தது, எல்லாம் தெரியும். தெரிந்தும் பயந்தேன். நெற்றிப்பொட்டில் லேசாக வலிக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன். வியர்வை ஊற்றியது. வெளியே ஒரு மயில் அகவியது. பாதி நேரம் போனபோது மேடம் முன்னால் குனிந்து ஏதோ சொன்னார். வழக்கம்போல் காதைக் கொண்டுபோனேன்.

“இந்த இடத்துல அவங்க மூணு நாள் இருந்திருக்காங்க” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் செல்வி நின்றார். கையில் தூக்குச் சட்டியும் மூன்று டம்ளரும். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“தலை வலிக்குதா சார்?”

“இல்லம்மா.”

“வாந்தி வர்ற மாதிரி இருக்கா?”

“இல்லம்மா.”

ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். “இந்தாங்க, மோரு குடிங்க. வெயிலு” என்றார்.

எழுந்து நின்று வாங்கிக் குடித்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாற்றங்கால் மடையைத் திறக்கப் போனார்.